அக்கா எண்ணிய அறுபத்தொன்று

எங்கள் அலுவலகத்தில் மீன் எண்ணுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். "கடல்ல போயி எண்ணுவாங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. இரண்டாவது மாடியில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணுவார். கையில் ஒரு சின்ன உலோகக் கருவி இருக்கும். கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடும்.

எண்ணிக்கை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இப்போது நாற்பத்திரண்டு வயது. பத்தாம் வகுப்பு முடித்ததும் மீன் ஏலக் கூடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று கூடை கூடையாக எழுதிக்கொள்ளும் வேலைக்குப் போனவர். ஐஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை மட்டும் பார்த்து, இது பாறை, இது சீலா, இது சங்கரா என்று சொல்லிவிடுவார் என்பது அந்தக் கூடத்தில் பெரிய பேச்சு. கடலடி சர்வே செய்யும் எங்கள் நிறுவனம் ஆள் தேடியபோது, பட்டம் வாங்கிய மூன்று பேரையும் அக்காவையும் உட்காரவைத்து ஒரே படத்தைப் போட்டார்களாம். மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அக்கா எழுதி முடித்துவிட்டார்.

ஆனால் முதல் மாதம் முழுக்கத் திணறினார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"செத்த மீனத்தான எனக்குத் தெரியும்? உயிரோட இருக்கும்போது இதுங்க இவ்வளவு நெறமா இருக்கும்னு யாரு கண்டா? சங்கராவப் பார்த்துட்டு இது என்ன புது மீனுன்னு கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

நான் அவருக்குப் பக்கத்து மேசை. சர்வே அறிக்கையை இரண்டு மொழிகளிலும் எழுதுவது என் வேலை. மேலிடத்துக்கு ஒரு மொழி, மீனவர் சங்கத்துக்குத் தமிழ். அதிகம் பேசாதவள் என்பதால் அக்கா என்னிடம் நிறையப் பேசுவார்.

கரையிலிருந்து படகில் மூன்று மணி நேரம் போனால் ஒரு எண்ணெய் மேடை இருந்தது. எட்டு இரும்புக் கால்களில் நின்றது. எண்ணெய் வற்றிப்போய் ஆறு வருடமாகச் சும்மா துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது இரண்டு வழிகள் சொன்னார்கள். ஒன்று, அடியோடு பிடுங்கி எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது. மற்றொன்று, மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும் கால்களை மீன்கள் தங்கும் செயற்கைப் பாறையாக அப்படியே விட்டுவிடுவது. பாசியும் சிப்பியும் பவளமும் ஏற்கெனவே அந்தக் கால்களை மூடியிருந்தன. சங்கத்தில் அதை மீன் வீடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

வலைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. கால்கள் இருந்தால் அங்கே வலை இழுக்க முடியாது, மாட்டிக் கிழியும். தூண்டில்காரர்களுக்கு அது இருக்க வேண்டும். சங்கம் ஒத்துக்கொண்டால்தான் விடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதனால் முதலில் எத்தனை மீன் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி எங்களிடம் வந்தார்கள்.

விளக்கும் கேமராவும் பொருத்திய இயந்திரத்தை நாங்கள் நண்டு என்போம். கம்பி வடத்தில் இறங்கி, ஒவ்வொரு காலையும் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். ஒரு காலுக்கு ஒரு படம், நாற்பது நிமிடம். எட்டுப் படங்களையும் இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள். அக்காவின் கைக்கு அவை ஒவ்வொன்றாகத்தான் வந்தன, மூன்று வாரத்தில். ஒரு படத்துக்கு ஒரு தாள். ஒரே படத்துக்குள் பெரிய மீன் ஒன்று போய்த் திரும்பி வந்தால் மறுபடி எண்ணக் கூடாது என்று விதி இருந்தது. ஒரு காலில் பார்த்த மீன் அடுத்த காலுக்கு வந்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை.

அவர்கள் முக்கியமாகக் கேட்டது, நல்ல விலை போகும் கலவா மீனைத்தான். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் பெரிய கலவா. அக்கா எண்ணியது ஏழு, எட்டு, ஏழு, ஒன்பது, ஏழு, எட்டு, ஏழு, எட்டு. மொத்தம் அறுபத்தொன்று.

"பாரேன், எல்லாக் கால்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பங்கு பிரிச்ச மாதிரி இருக்குதுங்க" என்று சந்தோஷப்பட்டார். மூன்றாவது காலைப் பார்க்கும்போது, "ஐயோ பாவம், இங்கயும் ஒண்ணுக்கு உதட்டுல தூண்டில் முள்ளு மாட்டியிருக்கு" என்று திரையைக் காட்டினார். முள்ளிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு அறுந்த தூண்டில் நரம்பும் தொங்கியது. "மீசை வச்சிருக்கு" என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் கருவியை அமுக்கினார்.

அறிக்கையில் அறுபத்தொன்று என்று இரண்டு மொழிகளிலும் எழுதியது நான்.

சங்கக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வாசித்து முடித்ததும் வலைக்காரர்கள் பக்கம் ஒரே கூச்சல். "ரூம்ல உக்காந்து எண்ணினா அறுபது என்ன, அறுநூறுகூட வரும்" என்றார் ஒருவர். அப்போது எழுந்தவர் அக்காவின் தம்பி. அவரே வலைக்காரர். சொந்தப் படகு. அந்தப் பக்கத்தில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

"எண்ணினது யாரு தெரியுமா? எங்க அக்கா. ஏலக் கூடத்துல பத்து வருஷம் உங்க கூடைய எண்ணினவ. ஒரு மீனு கூட்டிச் சொல்லியிருக்காளா? கொறச்சுச் சொல்லியிருக்காளா? எவனாவது ஒருத்தன் எந்திரிச்சுச் சொல்லு, நான் உக்காந்துக்குறேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. கால்களை விட்டுவிடச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது வலைக்காரர்களில் பாதிப் பேர் தம்பியோடு சேர்ந்து கை தூக்கினார்கள். அக்கா கடைசி வரிசையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெட்கமும் பெருமையும் கலந்த முகம். இப்போது நினைத்தால் என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேடை வெட்டப்பட்டது. ராட்சதப் பளுதூக்கி வைத்த கப்பல் வந்து மேல்பகுதியைத் தூக்கிக்கொண்டு போனது. கால்களின் தலை, கப்பல்கள் தட்டாத ஆழத்துக்குக் கீழே போய்விட்டது. மேடை இருந்த காலத்தில் சுற்றுவட்டாரத்தில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை. அது நீங்கியது. தூண்டில் மட்டும் போடலாம் என்றார்கள்.

தம்பி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். கை தூக்கிவிட்டு வலையோடே இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று, வலையை மச்சினனிடம் கொடுத்துவிட்டுத் தூண்டிலுக்கு மாறினார். முப்பத்தெட்டு வயதில் புதிதாகத் தொழில் பழகினார். நரம்பு அறுத்து விரலெல்லாம் கோடு. தொடக்கத்தில் ஒரு மாதத்துக்குள் பழைய தூண்டில்காரர்கள் பெரிய கலவாவில் எட்டைத் தூக்கிவிட்டார்கள். தம்பிக்கு ஒன்றும் விழவில்லை. அதற்குப் பிறகு யாருக்குமே விழவில்லை. மற்றவர்கள் கவலைப்படவில்லை. சின்ன மீன் ஏராளம், அதைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பிதான் பெரியதை விட்டால் இல்லை என்று நின்றார். எதற்காக மாறினாரோ அதைப் பிடித்துக் காட்ட வேண்டும் அவருக்கு.

கரையில் அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "ஏய் அறுபத்தொண்ணு, இன்னைக்காவது ஒண்ணு உண்டா?" "அக்கா எண்ணி வச்சிருக்காங்க, தம்பிக்குத்தான் கூப்பிடத் தெரியல." அவரும் சேர்ந்து சிரிப்பாராம்.

தடை நீங்கி எட்டாவது மாதம் நண்டை மறுபடி இறக்கினார்கள். படங்கள் இந்த முறை எல்லாம் ஒரே நாளில் வந்தன. அக்கா காலை பத்து மணிக்கு உட்கார்ந்தார். முதல் காலில் பெரிய கலவா ஒன்று. உதட்டில் முள், விரல் நீள நரம்பு. இரண்டாம் காலில் ஒன்று. உதட்டில் முள். மூன்றாம் காலிலும் அதுவே. விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில், கொஞ்சம் பின்தள்ளி, வேடிக்கை பார்க்கிற மாதிரி நண்டைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை. பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். எட்டுப் படத்தையும் ஓட்டி ஓட்டி நிறுத்தினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். திரையில் நின்ற மீனையும் பார்த்தேன், அக்காவின் முகத்தையும் பார்த்தேன். எனக்கும் புரிந்துவிட்டது. பழைய எட்டுப் படத்திலும் அதே முள், அதே நரம்பு, அதைச் சுற்றி அதே கூட்டம். கூட்டமாக வெளிச்சத்தின் பின்னாலேயே காலுக்குக் கால் வந்திருக்கின்றன. இருந்தது அறுபத்தொன்று இல்லை. ஒரு படத்தில் அதிகபட்சம் தெரிந்தது எத்தனையோ அத்தனைதான். ஒன்பது. அதில் எட்டைப் பிடித்துவிட்டார்கள். மிச்சம் இந்த ஒன்று.

"என்னக்கா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலை வலிப்பதுபோல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என் திரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் அக்கா தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய கலவா, காலுக்கு ஒன்று, மொத்தம் எட்டு என்று எழுதியிருந்தார். ஒன்று என்று எழுதினால் பழைய கணக்கையும் தோண்ட வேண்டிவரும். எட்டு என்றால், பிடித்ததால் குறைந்துவிட்டது என்று போய்விடும். அப்படியே போனது. சர்வே அதிகாரி, நாங்கள் சார் என்று கூப்பிடுபவர், தாளைப் பார்த்து, "பரவால்ல, எட்டாவது தேறுச்சே" என்று கையெழுத்துப் போட்டார். எட்டு என்று இரண்டு மொழிகளிலும் நான் எழுதினேன்.

அந்த வாரக் கடைசியில் தம்பி அலுவலகத்துக்கு வந்தார். அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டார்.

"அக்கா, புதுப் படத்துல எத்தனை இருக்குக்கா?"

"எட்டு."

"எந்தக் கால்லக்கா நல்லா நடமாட்டம்?"

அக்கா மேசையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"மூணாம் கால்ல பாரு."

"ஆழம்?"

"முப்பத்தஞ்சு மீட்டர் இருக்கும்."

"ஒண்ணு மட்டும் விழட்டும்க்கா. முதல்ல உன் வீட்டுக்குத்தான் கொண்டாருவேன்." போகும்போது என்னைப் பார்த்தும் சிரித்துவிட்டுப் போனார்.

பதினோரு மாதம் இப்படி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். மூன்றாம் காலில் இல்லை என்றால் ஐந்தாம் கால் என்பார் அக்கா. இரை மாற்றிப் பார் என்பார். ஒருநாள் என்னிடம், யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னார்: "புது மீனு எப்படியும் வந்து சேரும். பாறைன்னு ஆயிட்டா வராமப் போகாது. இன்னும் ஒரு வருஷம் போனா நெசமாவே எட்டு இருக்கும்." நான் தலையாட்டினேன். அதுதான் நான் செய்தது, தலையாட்டினது.

பன்னிரண்டாம் மாதம் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை. தம்பி வந்தார். சலவை செய்த சட்டை. அக்காவிடம் வராமல் நேரே சார் மேசைக்குப் போனார்.

"சார், உங்க சர்வே படகுல கயிறு இழுக்க ஆளு எடுக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்குக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

"சொந்தப் படகு வச்சிருக்கிற ஆளு, உனக்கென்னப்பா இங்க?"

"கொடுத்துடலாம்னு இருக்கேன் சார். எனக்கு இந்தத் தொழில் கை வரல. கண்ணுக்கு முன்னாடி எட்டு இருக்குதுன்னு அக்கா சொல்றா. ஒண்ணு கூட என் முள்ளத் தொடல. கோளாறு எங்கிட்டதான்."

சார் நல்ல மனிதர், வேடிக்கையாகப் பேசுபவர். "அறுபத்தொண்ணு இருந்த எடத்துல ஒண்ணு புடிக்கத் தெரியாத ஆள நம்பி எங்க கயித்த எப்படிப்பா குடுக்கிறது?" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்கா எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"அங்க எட்டு இல்ல" என்றார். "அறுபத்தொண்ணும் இருந்ததில்ல. தம்பி, இங்க வா."

அலுவலகத்தில் இருந்த நான்கு திரைகளையும் அக்கா தன் மேசைக்கு இழுத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு படமாக எட்டையும் போடச் சொன்னார். நான்தான் போட்டுக் கொடுத்தேன். புதிய படங்கள் எட்டும் ஓடின. ஒவ்வொன்றிலும் கலவா தெரிகிற இடத்தில் அக்கா நிறுத்தினார். எட்டுச் சட்டங்களில் எட்டுத் தடவை, உதட்டில் முள், விரல் நீள நரம்பு.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி திரைகளுக்கு அருகில் குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இது ஒண்ணேதானக்கா?"

"ஒண்ணேதான். வெளிச்சத்துக்குப் பின்னாடியே வருது. முன்னாடி ஒம்போது அப்படி வந்துச்சு. நான் அதையே எட்டுத் தடவ எண்ணிட்டேன்."

"அப்ப இத்தன நாளா கடலுக்கு நடுவுல இந்த ஒத்த மீனையா நான் தொரத்திட்டிருந்தேன்?" கொஞ்சம் சிரிப்பு வந்தது அவருக்கு. "முள்ளு ஏற்கெனவே ஒருதடவ குத்தியிருக்கு. அது எப்படி என் முள்ளத் தொடும்? நல்ல அறிவான மீனுதான்." சுற்றி நின்றவர்களுக்கு மூச்சு வந்தது. சார்கூட, "தப்பு எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று தொடங்கினார்.

அதற்குள் தம்பி நிமிர்ந்தார். "எண்ணுறப்ப தப்பு வரும்க்கா. அது பரவால்ல. இது உனக்கு எப்பத் தெரியும்?"

அக்கா நேற்று என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் என்றிருக்கலாம். மறுக்க யாரும் இல்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"எட்டுன்னு உங்கிட்ட சொன்னேனே, அதுக்கு முன்னாடியே தெரியும்."

"மூணாம் கால்ல பாருன்னு சொன்னப்பவா?"

"ஆமா."

"இரைய மாத்திப் பாருன்னு சொன்னப்ப?"

"ஆமாப்பா."

தம்பி எதையும் தட்டவில்லை, கத்தவில்லை. தன் விரல்களைப் பார்த்தார். பிறகு சார் பக்கம் திரும்பி, "வேலை வேண்டாம் சார். எனக்குத் தொழில் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அக்கா நின்றுகொண்டே இருந்தார். எட்டுத் திரைச் சட்டங்களும் அணைக்கப்படாமல் இருந்தன.

பழைய எண்ணிக்கையைத் திருத்த ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் என்ற இடத்தில் மூன்று கோடு இருக்கும். அக்கா மறுநாள் காலையில் தமிழில் கைப்பட எழுதினார்: "ஒரே மீன் கூட்டத்தை எட்டுக் கால்களிலும் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டேன். இது தெரிந்த பிறகும் பதினோரு மாதம் சொல்லாமல் இருந்தேன். தெரிந்தே எட்டு என்றும் எழுதினேன்."

சார் படித்துவிட்டு, "முதல் வரி போதும்மா. ரெண்டாவத யாரும் உங்கிட்ட கேக்கல" என்றார்.

"கேட்டான் சார்" என்றார் அக்கா.

சார் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, மேலிடத்துக்குப் போகிற மொழியில் முதல் வரியை மட்டும் எழுதச் சொன்னார். நான் அப்படியே எழுதினேன். அது யாரைக் காப்பாற்றும் என்று நான் யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

தமிழ்ப் பிரதியைச் சங்கத்தின் பலகையில் ஒட்ட அக்காவே போகிறேன் என்றார். கூட்டத்தில் வாசித்தார். வலைக்காரர்களில் ஒருவர், "வெட்டிப் போட்ட காலப் பிடுங்கவும் முடியாது, சொன்ன சொல்லப் பிடுங்கவும் முடியாது. எறங்கும்மா" என்றார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலாம் என்று திரும்பி வரும்போது அக்கா சொன்னார். தம்பி கூட்டத்துக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து வேறொரு அறிவிப்பை ஒட்ட நான் சங்கத்துக்குப் போனேன். பலகைக்கு முன்னால் தம்பி நின்றிருந்தார். தோளில் வலை. மச்சினனிடமிருந்து திரும்ப வாங்கியிருக்க வேண்டும். அக்காவின் கையெழுத்தை விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டாவது வரி, யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல. வேண்டாம்னுதான் சொன்னாங்க. அவங்களேதான் எழுதினாங்க."

விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமலே கேட்டார். "மேல அனுப்புனதுலயும் இது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஒரே ஒரு சொல். அவர் போய்ப் பார்க்கப்போவதில்லை, அவருக்கு அந்த மொழியும் தெரியாது.

"இல்ல" என்றேன். "நான்தான் விட்டுட்டேன்."

அவர் என்னை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். "நீ அக்காவுக்குப் பக்கத்து மேசதான? தெனமும் அங்கதான உக்காந்திருந்த?"

"ஆமா."

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "போயி அதச் சேரு" என்றார். "அவ ஒருத்திமட்டும் எழுதிட்டு நிக்கிறா."

அலுவலகத்துக்கு வந்து கோப்பைத் திறந்தேன். அக்கா புதிதாக வந்த இரண்டாம் ஆண்டு சர்வே படங்களுக்கு முன்னால், தன் கருவியை மேசையில் வைத்துவிட்டு, எட்டையும் ஒன்றாக ஓடவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வரியை மற்ற மொழியில் எழுதினேன். அதற்குக் கீழே, பக்கத்து மேசையில் இருந்தவளுக்கும் தெரியும் என்று இன்னொரு வரி எழுதினேன். அச்சிட்ட தாளை அக்காவின் முன்னால் வைத்தேன். அவருக்கு அந்த மொழி படிக்க வராது. அதனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.